லேடீஸ் பெட்டியின் வேட்பாளர்

மாரிகுப்பம்
ஜூன் 8

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

தங்கை ஐடாவின் ஸ்தோத்திரம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அவருக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே சமையலை ஒரு கை பார்த்துவிடுகிறார், அதனால் டாக்டரிடம் கூட்டிப்போக நான் அவசரப்படவில்லை. மகன் எரிக்கும் மருமகள் நிக்கோலும் எப்படி இருக்கிறார்கள்? ஓசூர் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று போஸ்ட் ஆபீஸில் சிரிக்கிறார்கள். போனில் பேசினால் நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கேட்டு எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. தங்கச் சுரங்கத்தில் மெஷின் பிடித்துச் சம்பாதித்த காது அது. வாட்ஸ்அப்பில் போட்டால் நிக்கோல் உரக்கப் படித்துக் காட்டுவாள். நமக்குள் இருப்பது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு பெங்களூர் துணிக் கம்பெனிக்கு வரும் பியாட்ரிஸ் உங்களுக்குத் தெரியும். போன வாரம் விடியற்காலை டிரெயினுக்கு ஓடும்போது ஸ்டேஷன் ரோட்டில் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். அந்த ரோட்டில் ஒரு விளக்குகூட எரிவதில்லை. எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற வார்டும்மா, அங்க கேளுங்க" என்றார். அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் இந்தப் பக்கம் கையைக் காட்டினார். நாங்கள் என்னவோ ஆகாயத்தில் நடந்து ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி!

விடியும் முன்னே போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் நாங்கள். சாயந்தரம் லேடீஸ் பெட்டியில் வந்த கடைசிப் பெண் இறங்கும்வரை பிளாட்பாரத்திலேயே நின்று, கும்பலாகத்தான் அந்த ரோட்டைக் கடக்கிறோம். சுரங்கத்து ஷாஃப்ட் வாசலில் நீங்கள் ஒருவருக்கொருவர் காத்திருந்த மாதிரியேதான்.

கவுன்சிலர்கள் சொன்னதைப் பெட்டியில் சொல்லிப் புலம்பினேன். "புலம்பி இன்னா பண்றது? எலக்‌ஷன் வருதே, நீயே நில்லு அக்கா" என்றாள் பியாட்ரிஸ், கட்டுப்போட்ட கையோடு. பெட்டி முழுக்கக் கை தட்டியது. சரி என்று சொல்லிவிட்டேன். சுயேச்சையாக நிற்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் ஓட்டு இன்னும் எங்கள் வார்டில்தானே இருக்கிறது? எரிக் எத்தனை தடவை சொல்லியும் அதை ஓசூருக்கு மாற்றமாட்டேன் என்று நீங்கள் அடம்பிடித்தது இதற்காகத்தான் போல. யூனியன் தேர்தல் எத்தனையோ பார்த்தவர் நீங்கள். எனக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
ஐடா

*

ஓசூர்
ஜூன் 16

என் செல்லத் தங்கச்சி ஐடாவுக்கு,

அண்ணன் சாம்ராஜின் ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் நலம். எனக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளை முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. சமையலை நீயும் கொஞ்சம் செய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தம்போட்டுச் சிரித்தேன். நிக்கோல் பயந்துபோய் ஓடி வந்து, "மாமா, இன்னா ஆச்சு?" என்றாள். "என் தங்கச்சி கவுன்சிலர் ஆகப் போறா!" என்றேன். எனக்குக் காது கேட்காததால் நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப சந்தோஷம் ஐடா. நம் வீட்டில் வாய் உள்ளவள் நீதான் என்று அப்பாவே சொல்வார்.

நாலு வார்த்தை என்ன, நாற்பது சொல்கிறேன். கூப்பிடாத வீட்டுக்கும் போ. தண்ணீர் கொடுத்தால் குடி, வேண்டாம் என்று சொல்லாதே. எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. எவனாவது வம்புக்கு இழுத்தால் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடு. பென்ஷன்காரர்களை என்னிடம் விடு. நம் வார்டில் இருக்கும் பழைய சுரங்க ஆட்கள் எல்லாருக்கும் என் கையால் கடிதம் போடுகிறேன்.

முதல் வேலையாக மனோகரைப் போய்ப் பார். நான் சொன்னேன் என்று சொல். அவனுக்கு இப்போது நகரசபையில் நாலு பேரைத் தெரியும் என்று கேள்வி. நான் மெஷின் பிடிக்க, அவன் ராடு பிடிக்க, எத்தனை வருஷம் ஒரே பாறையைக் குடைந்தோம்! ஏர் பிளாஸ்ட் அன்றைக்குப் பாறை வெடித்து நாங்கள் நின்ற லெவலே மூடிக்கொண்டது. மேலே ஏற்றிப்போகும் கேஜில் அவனுக்கு இடம் இருந்தது. போகாமல் திரும்பி வந்து, கையால் கல்லைத் தள்ளி என்னை வெளியே இழுத்தான். பார்ட்னர் மேலே வராமல் ஷாஃப்டை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் சட்டம், உனக்குத் தெரியாததில்லை. அவன் உனக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வான்?

ஓட்டுப் போடும் நாளுக்குக் கட்டாயம் வருகிறேன். வெள்ளைச் சட்டையை இப்போதே இஸ்திரி போடக் கொடுத்துவிட்டேன்.

அன்போடு,
அண்ணன் சாம்ராஜ்

*

மாரிகுப்பம்
ஜூலை 3

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஐடாவின் ஸ்தோத்திரம். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இங்கே சுகம். ஒத்தடம் நடக்கிறது.

மனோகர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாணி அண்ணி காபி கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "ஐடா, உன் காதுக்கு வந்துச்சா இல்லியா தெரியல, நானும் நிக்கிறேன். கட்சில சீட்டு குடுத்துட்டாங்க" என்றார். அதே வார்டு. காபியைக் கீழே வைத்துவிட்டேன். "உன் அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்வேன்? நீயே எழுதிடும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். வாசல்வரை வந்துதான் அனுப்பினார். எழுதிவிட்டேன், அண்ணா. இதற்கு மேல் உங்களுக்கும் அவருக்கும் உள்ளது.

எனக்கு விளக்குச் சின்னம் கேட்டேன். அதை வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். வாளி கொடுத்திருக்கிறார்கள்! விளக்குக்காக நிற்கிறவளுக்கு வாளி. உங்கள் மாப்பிள்ளை, "சாக்கடையை மொண்டு ஊத்துறதுக்கு" என்கிறார்.

இன்னொரு சந்தோஷமான சேதி. பிரசாரத்தை டிரெயினிலேயே நடத்துகிறேன். காலையில் மாரிகுப்பத்தில் ஏறினதும் ஆரம்பித்தால் மாலூர் தாண்டும்வரை பேச்சுதான். சாயந்தரமும் அப்படியே. பெட்டியில் ஒருத்தி பாக்கியில்லாமல் என் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். வீட்டு ஆட்களையும் சேர்த்தால் ஜெயித்த மாதிரிதான் என்கிறாள் பியாட்ரிஸ். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு ஊரில் வெளிச்சம், அன்றைக்கும் ஆராதனை, துணி துவைப்பது என்று போய்விடுகிறது. வீடு வீடாகப் போகச் சொன்னீர்கள். இந்தப் பெட்டி போதுமா, இல்லை லீவு போட்டுவிட்டு வீடு வீடாகவும் போக வேண்டுமா? லீவு போட்டால் கம்பெனியில் வாசலைக் காட்டிவிடுவார்கள். நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன். உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஐடா

*

ஓசூர்
ஜூலை 22

தங்கச்சி ஐடாவுக்கு,

ஆசீர்வாதம். நலம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வீக்கம் இருந்ததால் பதில் எழுதத் தாமதம்.

இங்கே சாரல் விட்டபாடில்லை. நிக்கோல் பால்கனியில் கத்தரி வைத்திருக்கிறாள், பூ விட்டிருக்கிறது. எரிக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

மனோகர் நிற்பது தெரிந்துகொண்டேன். அவன் நல்ல ஆள்.

ஆண்டர்சன்பேட்டைப் பெண்கள் இன்னமும் மாரிகுப்பத்துக்கு வந்துதான் டிரெயின் ஏறுகிறார்களா? சும்மா கேட்டேன்.

மழைக் காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சாம்ராஜ்

*

மாரிகுப்பம்
ஜூலை 29

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பல் போன இடம் ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

மூன்று வாரம் காத்திருந்து பிரித்தால் கத்தரிப் பூ! நான் கேட்டதற்குப் பதிலையே காணோம். பல்லோடு சேர்த்து நாக்கையும் பிடுங்கிவிட்டார்களா?

ஆண்டர்சன்பேட்டைக்காரர்கள் மட்டுமா? மைசூர் மைன்ஸ், சாம்பியன் சுரங்கப் பக்கத்திலிருந்தும் இங்கேதான் வருகிறார்கள். மாரிகுப்பத்தில்தானே டிரெயின் புறப்படுகிறது, உட்கார இடம் கிடைக்கும். எங்கள் பெட்டியில் நம் லைன் வீட்டு ஆட்களைவிட அவர்கள்தான் அதிகம். எனக்கு எவ்வளவு ஆதரவு என்று இப்போது தெரிகிறதா?

வாளியால் ஒரு கூத்து நடந்தது. போன ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் நானும் பியாட்ரிஸும் புது வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் லைனில் ஓட்டுக் கேட்கப் போனோம். என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் தாயம்மா அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அய்ய, காலங்காத்தால வெறும் வாளிய தூக்கிக்கினு வூட்டு வாசல்ல வந்து நிக்கிறியே, உனக்கே நல்லாகீதா?" சகுனம்! சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது எங்கே தோன்றுகிறது? அவரே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஒரு செம்பருத்தியையும் போட்ட பிறகுதான் கதவுகள் திறந்தன. அதற்குள் ஆராதனை மணி அடித்துவிட்டது. நாலைந்து வீட்டோடு திரும்பிவிட்டோம்.

டிரெயினில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பியாட்ரிஸ் பிறந்தநாளுக்கு வாளி போட்ட கேக் வெட்டினோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

வீடு வீடாகப் போவதா வேண்டாமா, சொல்லுங்கள். பென்ஷன்காரர்களுக்கு எழுதினீர்களா? யாரும் கிடைத்ததாகச் சொல்லவில்லை.

அன்புடன்,
ஐடா

*

ஓசூர்
ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் சுகம்.

வாளிக் கதையை நிக்கோலிடம் சொன்னேன், நிறையச் சிரித்தாள். தாயம்மா அப்படியேதான் இருக்கிறாள்.

பென்ஷன்காரர்களுக்கு இன்னும் எழுதவில்லை. கை நடுங்குகிறது. உனக்கு எழுதுவதே பெரிய பாடாக இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. ஓட்டுப் போடும் நாளில் வருகிறேன்.

சாம்ராஜ்

*

மாரிகுப்பம்
ஆகஸ்ட் 25

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

வாணி அண்ணியை மார்க்கெட்டில் பார்த்தேன். "அவரு ஓசூர் போயி உங்க அண்ணன பாத்துட்டு வந்தாரே, பிரியாணி துன்னாங்களாம் ரெண்டு பேரும்" என்றார். நீங்கள் எழுதின கடிதத்தில் பிரியாணியும் இல்லை, மனோகர் அண்ணனும் இல்லை. கை நடுக்கத்தில் விட்டுப்போனதா?

நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் உயிரைக் காப்பாற்றியவர் அவர். அவர் இல்லாவிட்டால் எனக்கு அண்ணனே இல்லை, அது எனக்குத் தெரியாதா? நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நான் செய்வது சரிதானா? டிரெயினை நம்பி இருக்கிறேன். எல்லாரும் ஜெயிப்பாய் என்கிறார்கள், எனக்கு மட்டும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. இதில் தோற்றால் அந்த ரோட்டைப் பற்றி இன்னும் ஐந்து வருஷத்துக்கு எவனும் எங்களை வாயைத் திறக்க விடமாட்டான். நின்று பார்த்தாயே, ஓட்டா விழுந்தது என்பார்கள்.

செப்டம்பர் ஏழாம் தேதி ஓட்டு. முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். பிரியாணி எங்கள் வீட்டிலும் செய்வோம்.

ஐடா

*

ஓசூர்
செப்டம்பர் 8

ஐடாவுக்கு,

நேற்றுக் காய்ச்சல். அதனால் வர முடியவில்லை. எரிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

சாம்ராஜ்

*

மாரிகுப்பம்
செப்டம்பர் 14

அண்ணனுக்கு,

காய்ச்சல் விட்டதா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

தோற்றுவிட்டேன். கொஞ்சநஞ்சம் அல்ல. மனோகர் அண்ணன் ஜெயித்தார், இன்னொரு கட்சிக்காரர் இரண்டாவது, நான் எங்கேயோ கீழே. எண்ணி முடிக்க எனக்கு மட்டும் நேரமே ஆகவில்லை. எண்ணிய இடத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து, "வாளில ஓட்டைங்க மேடம்" என்று சிரித்தான்.

ஓட்டுக் குறைந்ததற்கு நான் அழவில்லை. என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்களே, அந்தப் பெண்கள்! கேக் வெட்டினார்களே! அதில் பாதிப் பேர் போட்டிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. இருபது வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கி, பிள்ளைப் பேற்றுக்கும் சாவுக்கும் கூடவே நின்று, கடைசியில் இவ்வளவுதானா என்று இருக்கிறது. முகத்துக்கு நேராகச் சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வேறு சின்னம்.

அந்தப் பெட்டியில் இனி ஏறுவதில்லை. பஸ்ஸில் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும், முதுகு போகிறது, போகட்டும். பியாட்ரிஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். தூங்குகிறேன் என்று உங்கள் மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

ஐடா

*

ஓசூர்
செப்டம்பர் 30

என் தங்கச்சி ஐடாவுக்கு,

முதலில் இதைப் படி, பிறகு சுகம் விசாரிக்கலாம். அந்தப் பெண்கள் உன்னை ஏமாற்றவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உன் வார்டிலேயே ஓட்டுக் கிடையாது. ஆண்டர்சன்பேட்டைக்காரிக்கு ஆண்டர்சன்பேட்டையில் ஓட்டு, சாம்பியன்காரிக்குச் சாம்பியனில் ஓட்டு. உனக்குப் போட வேண்டும் என்று அவர்கள் அழுது புரண்டாலும் போட முடியாது. நீ பெட்டியை வார்டு என்று நினைத்துவிட்டாய். விடியும் முன்னே போய் இருட்டி வருகிற உனக்கு அந்தப் பெட்டிதான் ஊர். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

இது எனக்கு ஜூலையிலேயே தெரியும். உன் கடிதத்தில் டிரெயின் என்று படித்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டையைப் பற்றிக் கேட்டது அதனால்தான். நீயே புரிந்துகொள்வாய், என் வாயால் சொன்னதாக இருக்காது என்று பார்த்தேன். நீ அதையே பலம் என்று எழுதினாய். பிறகும் நான் சொல்லவில்லை. லீவு போடு, உன் லைனில் வீடு வீடாகப் போ என்று ஒரு வரி எழுத எனக்குக் கை நடுங்கவில்லை ஐடா. கை நன்றாகத்தான் இருக்கிறது.

எழுத உட்காரும்போதெல்லாம் மனோகர் கல்லைத் தள்ளிக்கொண்டு எதிரே நிற்கிறான். உனக்குச் சொன்னால் அவனுக்கு எதிராகச் செய்ததாகும். வாயை மூடிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவன் ஓசூருக்கு வந்தபோது ஓட்டும் கேட்கவில்லை, உன்னைப் பற்றியும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு என் காதுகிட்ட வந்து, "நீ யாருக்குப் போட்டாலும் பரவால்ல பார்ட்னர், நீ வந்தா போதும்" என்று கத்திவிட்டுப் போனான். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

காய்ச்சலும் இல்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் நின்றது. ஏறவில்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். எரிக் எதுவும் சொல்லவில்லை, பாவம், அவன்மேல் பழியைப் போட்டேன்.

என்மேல் கோபப்படு, திட்டு. அந்தப் பெண்கள்மேல் மட்டும் கோபப்படாதே. பஸ்ஸில் முதுகை முறித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்,
சாம்ராஜ்

*

ஓசூர்
அக்டோபர் 27

அன்புத் தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? பதில் வரவில்லை. போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு நான் கீழே போய் நின்றுகொள்கிறேன். காது கேட்காததால் அவர் மணி அடித்தது தெரியாமல் போய்விடுமோ என்று பயம்.

எழுத மனமில்லாவிட்டால் வெறும் தாளையாவது கவரில் போட்டு அனுப்பு.

சாம்ராஜ்

*

மாரிகுப்பம்
நவம்பர் 19

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மாப்பிள்ளைக்கு முழங்கால் தேவலை. நீங்கள் கீழே போய் நிற்பதை நிக்கோல் எனக்குப் போனில் சொன்னாள். பனியில் நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். என்ன முகத்தோடு ஏறுவது என்று தெரியவில்லை. எப்போதும் போகிற பெட்டி, எப்போதும் உட்காருகிற ஜன்னல். அதன்மேல் பியாட்ரிஸின் கர்ச்சீப் கிடந்தது. நான் பஸ்ஸில் போன நாளெல்லாம் என் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லையாம். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அந்த இடத்தைத் தொடவில்லையாம். "இன்னா அக்கா, பஸ்ஸு கசந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு கர்ச்சீப்பை எடுத்து மடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கோபித்துக்கொண்டதாக அவர்கள் நினைக்கவில்லை. அவர்கள்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டர்சன்பேட்டை எலைன், "அக்கா, எங்க பூத்துல வாளிப் படமே இல்லக்கா. மேல கீழ எல்லாம் தேடிப் பாத்தேன். ஆபீசர்கிட்ட எங்க வாளினு கேட்டு சண்டையே போட்டேன். வெளிய தள்ளிட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோம்" என்றாள். அவளைப் போலவே இன்னும் எத்தனையோ பேர் வாளியைத் தேடியிருக்கிறார்கள். ஒருத்தி எதற்கும் போடாமல் வந்துவிட்டாளாம். வார்டு வேறு என்று அத்தனை பேருக்கும் தெரியவில்லை, அண்ணா. நான்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன், பெட்டியே சேர்ந்து முட்டாளாகியிருக்கிறது! மாலூர் வரும்வரை அழுவதும் சிரிப்பதுமாகப் போனோம்.

அன்றைக்கே ஒன்று புரிந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டுள்ளவளும் அந்தப் பக்கம் ஆண்டர்சன்பேட்டை வார்டில் ஓட்டுள்ளவளும் எங்கள் பெட்டியில் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு கும்பலாகப் பிரிந்து, அவரவர் கவுன்சிலர் வீட்டுக்கு அவரவர் போனோம். "உன் வார்டு இல்லை" என்று இனி எவரும் சொல்ல முடியாதே. கையில் வாளி, வெறும் வாளி! காலையிலேயே வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம்.

மனோகர் அண்ணன் வெளியே வந்து பார்த்தார். "ஐடா, இத மொதல்ல அப்பால எடுத்து வைம்மா, வாணி பயப்படறா" என்றார். மறுவாரமே வேலை ஆரம்பித்துவிட்டது. சாக்கடைக்குக் கல் மூடி போட்டாகிவிட்டது, எங்கள் பக்கம் விளக்கும் எரிகிறது. அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் இன்னும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறார். ஆண்டர்சன்பேட்டைக்காரிகள் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாசலில் வாளியோடு உட்காருகிறார்கள். பாதி ரோட்டில் வெளிச்சம், பாதி ரோட்டில் இருட்டு. நடக்கிறோம்.

இனி உங்களுக்கு. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். இப்போதும் இருக்கிறது. நீங்கள் ஓட்டுப் போடாதது எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு ஓட்டில் நான் ஜெயித்திருக்கவும் மாட்டேன். மனோகர் அண்ணனுக்கே போட்டிருந்தாலும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் பார்ட்னர் மேலே வராமல் ஷாஃப்டை விட்டு நகரக் கூடாது என்று சட்டம் பேசின நீங்கள், நான் கீழே இருக்கும்போது பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அண்ணா. மூன்று கடிதத்தில் கூப்பிட்டேன். அது காது கேட்காததால் அல்ல. இதைச் சொல்லாமல் உங்களுக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள்.

சொல்லிவிட்டேன். மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள். பஸ் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு டீ குடிக்கிற பழக்கம் இருக்கிறது. எரிக்கைப் பெங்களூரில் சாயந்தர டிரெயினில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். நானும் அதே டிரெயினில்தான் வருவேன், ஆனால் லேடீஸ் பெட்டியை விட்டு வரமாட்டேன். மாரிகுப்பம்தான் கடைசி ஸ்டேஷன், தூங்கிப்போனாலும் பயமில்லை. மெதுவாக இறங்குங்கள். கூட்டம் போன பிறகு வந்தாலும் போதும். பியாட்ரிஸிடம் சொல்லிவிட்டேன், மனோகர் அண்ணனுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். நீங்கள் இறங்கி வரும்வரை பிளாட்பாரத்தை விட்டு ஒருத்தரும் நகரமாட்டோம்.

தங்கை,
ஐடா